ஜலதோஷக் கிருமியின் கோட்டைக் கதவு

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது தென்மேற்குப் பருவமழையும் கூடவே தொடங்கிவிடுகிறது. கோதையாறும் பறளியாறும் கரை புரண்டு ஓடும் அந்த நாட்களில், திருவட்டாறு வட்டாரத்தில் தும்மல் சத்தம் கேட்காத வகுப்பறை இராது. ஜலதோஷம் என்று நூல்களில் எழுதுவதைத்தான் நம் வீடுகளில் சளி என்றும் தடுமன் என்றும் சொல்கிறோம். சுக்கும் நல்லமிளகும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சிய காப்பியைக் குடித்துவிட்டு, "மருந்து தின்றால் ஏழு நாள், தின்னாவிட்டால் ஒரு வாரம்" என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

அந்தச் சிரிப்புக்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. மனிதன் சந்திரனுக்குச் சென்று வந்துவிட்டான். இருதயத்தையே மாற்றி வைக்கிறான். சாதாரண ஜலதோஷத்துக்கு மட்டும் ஏன் இன்னும் ஒரு நல்ல மருந்து இல்லை? பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இக்கேள்விக்கு விடை தேடியபோது கண்டறிந்தவை மிகவும் வியப்பாக இருந்தன. ஜலதோஷத்துக்கு எதிராக விஞ்ஞானிகள் கண்டுபிடித்த ஒரு வகை மருந்து, கிருமியை உடைப்பதே இல்லை. அதற்கு நேர்மாறாக, கிருமியை முன்னிலும் உறுதியாக்குகிறது! உறுதியான கிருமி எப்படி நோய் தராமல் போகும்? அதையே இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

கிருமியின் உருவம்

ஜலதோஷத்தை உண்டாக்கும் கிருமிகள் பல. அவற்றுள் முதன்மையானது ரைனோ வைரஸ். 'ரைனோ' என்பது மூக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இது 1950களில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று இதில் 160க்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதாக அறிந்திருக்கிறார்கள். ஒரு வகைக்கு நம் உடல் எதிர்ப்பைப் பெற்றாலும் மற்றொரு வகை வந்து தாக்குகிறது. ஆகையால்தான் ஆண்டுதோறும் நமக்குத் தடுமன் பிடிக்கிறது. எல்லா வகைக்கும் சேர்த்து ஒரு தடுப்பூசி செய்ய முடியாமல் இருப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

இக்கிருமியின் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் முப்பதாயிரத்துக்கும் அதிகமான கிருமிகளை வரிசையாக நிறுத்தலாம் என்றால் அதன் சிறுமையை எண்ணிப் பாருங்கள். இதற்கு வாய் இல்லை, வயிறு இல்லை. இருப்பவை இரண்டே பொருள்கள். ஒன்று, உள்ளே சுருண்டு கிடக்கும் ஆர்.என்.ஏ. என்னும் இழை. சுமார் 7,200 எழுத்துகள் கொண்ட இந்த இழையில்தான் புதிய கிருமிகளைச் செய்வதற்கான கட்டளைகள் அடங்கியுள்ளன. மற்றொன்று, அந்த இழையைச் சுற்றியுள்ள புரத ஓடு. வி.பி.1, வி.பி.2, வி.பி.3, வி.பி.4 என்ற நான்கு புரதங்கள் ஒவ்வொன்றும் 60 எண்ணிக்கையில் சேர்ந்து இந்த ஓட்டை அமைக்கின்றன. பனையோலைப் பெட்டி முடையும்போது ஓர் ஓலை இன்னொன்றின் கீழ் நுழைந்து இறுகுவது போல, இப்புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கின்றன. பசையும் இல்லை, ஆணியும் இல்லை. இந்த ஓட்டை ஒரு கோட்டை என்றே சொல்லலாம்.

கோட்டை திறக்கும் விதம்

இந்தக் கோட்டைக்கு ஒரு சிக்கல் உண்டு. வெளியே இருக்கும்போது அது உடையாமல் இருக்க வேண்டும். நம் மூக்கின் உயிரணுவுக்குள் நுழைந்தவுடன் தானாகவே திறந்து, உள்ளே இருக்கும் இழையை வெளியே விட வேண்டும். மிகவும் தளர்வாக இருந்தால் வழியிலேயே உடைந்து வீணாகும். மிகவும் இறுக்கமாக இருந்தால் திறக்காமலேயே கிடக்கும். உடைவதற்கும் திறப்பதற்கும் இடையே உள்ள இந்த நடுநிலையில்தான் கிருமியின் வாழ்வே அடங்கியிருக்கிறது.

நம் ஊரில் ரப்பர் பால் எடுப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாலில் சிறிது அமிலம் சேர்த்தால் அது உறைந்து கட்டியாகிவிடும். அம்மோனியா சேர்த்தால் உறையாமல் பாலாகவே இருக்கும். பொருள் ஒன்றே, சூழ்நிலை மாறினால் அதன் நிலையும் மாறுகிறது. ரைனோ வைரஸும் அமிலத்தைத் தாங்குவதில்லை. ஆகவே இரைப்பையின் அமிலத்தில் அது அழிந்துவிடுகிறது. மூக்கிலும் தொண்டையிலும்தான் வாழ்கிறது. அதன் நெருங்கிய உறவினரான போலியோ வைரஸோ அமிலத்தைத் தாங்கிக்கொண்டு குடலுக்குப் போய்விடுகிறது. ஒரே குடும்பத்தில் பிறந்த இரண்டு கிருமிகளில் ஒன்று தும்மலைத் தருகிறது, மற்றொன்று குழந்தைகளின் கால்களை முடக்குகிறது.

1985ஆம் ஆண்டு அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ்மன் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ரைனோ வைரஸ் 14 என்ற வகையின் முழு அமைப்பையும் எக்ஸ் கதிர்களின் உதவியால் கண்டறிந்தனர். ஓட்டின் மேல்பரப்பில் ஆழமான பள்ளத்தாக்குகள் இருப்பது தெரிந்தது. பல வகை ரைனோ வைரஸ்கள் நம் உயிரணுவின் மேல் உள்ள ஐகாம்-1 என்ற புரதத்தை இந்தப் பள்ளத்தாக்கில் நுழைத்துத்தான் பற்றிக்கொள்கின்றன. அப்படிப் பற்றியவுடன் ஓடு சற்றே உப்புகிறது. உள்ளே ஒளிந்திருந்த வி.பி.4 வெளியே வருகிறது; இழை உயிரணுவுக்குள் இறங்கிவிடுகிறது. அதன் பிறகு அந்த உயிரணு, பாவம், தன் வேலையை விட்டுவிட்டுக் கிருமிகளைச் செய்யும் தொழிற்சாலையாக மாறிவிடுகிறது.

மருந்து என்ன செய்கிறது?

பள்ளத்தாக்கின் அடிப்பகுதிக்குக் கீழே, வி.பி.1 புரதத்துக்குள் ஒரு சிறிய பை போன்ற இடைவெளி இருக்கிறது. பல வகைக் கிருமிகளில் இந்தப் பையில் கொழுப்பு போன்ற ஒரு சிறு பொருள் இயற்கையாகவே அமர்ந்திருக்கிறது. அது வெளியேறினால்தான் ஓடு திறக்க முடியும்.

1986ஆம் ஆண்டு அதே குழுவினர் 'வின்' மருந்துகள் எனப்படும் சில வேதிப்பொருள்கள் கிருமியில் எங்கே போய் ஒட்டுகின்றன என்று பார்த்தார்கள். ஸ்டெர்லிங் வின்த்ராப் என்ற நிறுவனத்தார் தயாரித்ததால் அவற்றுக்கு அந்தப் பெயர். அவை நேராகச் சென்று இந்தப் பைக்குள்தான் நுழைந்திருந்தன!

இதை விளங்கிக்கொள்ள ஓர் எளிய உவமை சொல்கிறோம். மண்வெட்டியின் காம்பு ஆடினால் அப்பா என்ன செய்வார்? இடைவெளியில் ஒரு சிறிய மர ஆப்பைச் செருகி அடிப்பார். அதன் பிறகு காம்பு அசையாது. மருந்தும் அப்படிப்பட்ட ஆப்புதான். பைக்குள் இறுக்கமாகப் புகுந்த மருந்து ஓட்டை அசையவிடாமல் செய்கிறது. சில வகைகளில் பள்ளத்தாக்கின் அடித்தளத்தையும் மேலே தள்ளி, கிருமி உயிரணுவைப் பற்ற முடியாமலும் செய்கிறது. மருந்து சேர்ந்த கிருமியைச் சூடாக்கினால், சாதாரணக் கிருமி உடைந்துபோகும் வெப்பத்திலும் அது உடையாமல் நிற்கிறது. வெளிப்பார்வைக்குப் பலம் பெற்ற கிருமி. ஆனால் கதவைத் திறக்க முடியாத கோட்டை. உள்ளே இருக்கும் கட்டளை வெளியே வராததால் நோய் பரவுவதில்லை.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மருந்து கிருமியைக் கொன்றுவிடவில்லை. ஆய்வுக்கூடத்தில் மருந்தைப் பிரித்து எடுத்துவிட்டால் அதே கிருமி மீண்டும் நோயை உண்டாக்கும் சக்தியைப் பெற்றுவிடுகிறது. கதவு பூட்டியிருக்கும் நேரத்துக்குள் அந்தக் கிருமியை அப்புறப்படுத்த வேண்டியது நம் உடலின் வேலை.

'மூச்சு விடும்' கிருமி

இந்த உண்மையை அழகாக எடுத்துக்காட்டிய பரிசோதனை ஒன்று 1998ஆம் ஆண்டு வெளிவந்தது. நம் குடலில் புரதத்தைச் செரிக்க உதவும் டிரிப்ஸின் என்ற நொதியை ரைனோ வைரஸ் 14 உடன் சேர்த்தார்கள். நொதி வெளியில் இருக்கும் புரதத்தைத்தான் வெட்ட முடியும். எக்ஸ் கதிர்ப் படத்தின்படி வி.பி.4 ஓட்டின் உட்புறத்தில் மறைந்திருக்கிறது. ஆனால் சில நிமிடங்களிலேயே வி.பி.4-இன் வெட்டுண்ட துண்டுகள் கிடைத்தன! அப்படியானால் உள்ளே இருக்கும் புரதம் அடிக்கடி வெளியே தலைகாட்டிவிட்டு உள்ளே போகிறது என்றுதானே பொருள்? கிருமியின் ஓடு கல்லைப் போல அசையாமல் இருப்பதில்லை; நெஞ்சு விம்மித் தாழ்வது போல எப்போதும் அசைந்துகொண்டே இருக்கிறது. இதை விஞ்ஞானிகள் கிருமியின் 'மூச்சு' என்கிறார்கள்.

பிறகு வின் மருந்தைச் சேர்த்துவிட்டு அதே பரிசோதனையைச் செய்தார்கள். நீண்ட நேரம் ஆன பின்பும் அந்தத் துண்டுகள் வரவில்லை. மருந்து கிருமியின் மூச்சை நிறுத்திவிட்டது.

கிருமியின் எதிர்த்தந்திரம்

கிருமியும் சும்மா இருப்பதில்லை. அது பெருகும்போது இழையிலுள்ள எழுத்துகளில் தவறுகள் ஏற்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றுள் சில தவறுகள் அந்தப் பையின் உருவத்தை மாற்றி, மருந்தை நுழையவிடாமல் செய்கின்றன. இப்படி மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றுகின்றன.

இதைவிட விந்தையான ஒன்றும் உண்டு. போலியோ வைரஸைக் கொண்டு செய்து 1993ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், மருந்து இல்லாமல் வாழவே முடியாத கிருமிகள் கிடைத்தன. அவற்றின் ஓடு அவ்வளவு தளர்ந்து போயிருந்தது. மருந்து என்னும் ஊன்றுகோல் இருந்தால்தான் அது நிற்கும். ஊன்றுகோலை எடுத்துவிட்டால் நம் உடல் வெப்பத்திலேயே குலைந்துவிடும். மிகுந்த உறுதியும் ஆபத்து, மிகுந்த தளர்ச்சியும் ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மருந்துக் கடைக்கு ஏன் வரவில்லை?

வின் மருந்துகளின் வழியில் வந்தது பிளக்கோனரில் என்ற மருந்து. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், ஜலதோஷம் சுமார் ஒரு நாள் முன்னதாகக் குணமாயிற்று. ஆனால் அது வேறு சில மருந்துகளின் பலனைக் குறைத்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகளும் சிலரிடம் தோன்றின. தானே குணமாகும் ஒரு நோய்க்கு, ஒரு நாள் லாபத்துக்காக இந்த ஆபத்து தேவைதானா? 2002ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி மறுத்துவிட்டது.

ஆனால் ஜலதோஷம் எல்லோருக்கும் சிறிய நோய் அன்று. இழுப்பு நோய் உள்ள குழந்தைகளுக்கு இழுப்பு அதிகமாவதற்கு ரைனோ வைரஸ் முக்கியமான காரணங்களுள் ஒன்று. நமக்கு ஒரு கைக்குட்டையோடு முடிந்துபோவது, அவர்களுக்கு இரவெல்லாம் மூச்சுக்குப் போராடும் துன்பமாகிவிடுகிறது. அவர்களை எண்ணித்தான் விஞ்ஞானிகள் இந்த ஆராய்ச்சியைக் கைவிடாமல் இருக்கிறார்கள். இதே வழியில் வந்த போக்கபாவிர் என்ற மருந்தைப் போலியோ வைரஸுக்கு எதிராகவும் பரிசோதித்திருக்கிறார்கள்.

போலியோ சொட்டு மருந்தும் இதே பாடமும்

கிருமியின் உறுதியைப் பற்றிய அறிவு நம் ஊருக்கு மிகவும் பயன்பட்ட இடம் ஒன்று உண்டு. அதுதான் போலியோ சொட்டு மருந்து. அதில் இருப்பது உயிருள்ள, வலிமை குறைக்கப்பட்ட போலியோ வைரஸ். அங்கே நாம் கிருமியை முடக்க விரும்பவில்லை. குழந்தையின் வாய்க்குப் போகும் வரை அதைக் காப்பாற்ற விரும்புகிறோம். சூடு பட்டால் ஓடு திறந்து, மருந்து வெறும் நீராகிவிடும். ஆகையால் அதைச் சேமிப்புக் கிடங்கில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரில் வைக்கிறார்கள். முகாமுக்குக் கொண்டுவரும்போது பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள்.

ஓட்டை உறுதியாக்க அதில் மக்னீசியம் குளோரைடு என்ற உப்பையும் சேர்ப்பதுண்டு. புத்தளம் உப்பளத்தைப் போன்ற இடங்களில் உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் இருக்கும் அதே உப்புதான். மேலும் 1996 முதல் மருந்துக் குப்பியின் மேல் ஓர் அடையாளம் ஒட்டப்பட்டு வருகிறது. வட்டத்துக்குள் ஒரு சிறு சதுரம். சூடு படப் படச் சதுரத்தின் நிறம் கறுத்துக்கொண்டே வரும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து நல்லது. வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அதைக் கொடுக்கக் கூடாது. அடுத்த முகாமில் தம்பி தங்கைகளைத் தூக்கிக்கொண்டு போகும்போது இதைக் கவனித்துப் பாருங்கள்.

மருந்து கெடாமல் போய்ச் சேர்ந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. மூன்று தடவை கொடுத்தும் நம் நாட்டுக் குழந்தைகள் பலருக்குப் போதிய பாதுகாப்பு வரவில்லை என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் எடுத்துக்காட்டினார். மேலும் பல தடவை கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாளில் கொடுக்கும் முறை பின்னர் நாடெங்கும் பரவியது. நம் நாட்டில் இயற்கையான போலியோ வைரஸால் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரி 13ஆம் நாள், மேற்கு வங்காளத்தின் ஹவுராவில். 2014 மார்ச் 27ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குப் போலியோ ஒழிந்ததற்கான சான்றிதழை வழங்கியது.

அகத்திக் கீரையிலிருந்து ஓர் ஆராய்ச்சி

இத்தகைய ஆராய்ச்சி வெளிநாட்டில் மட்டுமே நடக்கும் என்று எண்ண வேண்டாம். நாம் பொரியல் செய்து சாப்பிடும் அகத்தியையும் ஒரு வைரஸ் தாக்குகிறது. மைக்கேல் ராஸ்மனிடம் பணியாற்றித் திரும்பிய எம்.ஆர்.என். மூர்த்தி என்ற விஞ்ஞானியும், எச்.எஸ். சாவித்திரி என்ற பெண் விஞ்ஞானியும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அந்த வைரஸை ஆராய்ந்தனர். 1995ஆம் ஆண்டு அதன் முழு அமைப்பும் வெளியிடப்பட்டது. அதன் ஓட்டில் 180 புரதங்கள் இருக்கின்றன; அவற்றை இறுக்கிப் பிடிப்பதில் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்துக்குப் பங்கு உண்டு. கால்சியத்தை நீக்கினால் ஓடு தளர்கிறது. ஒரு கிருமிக்குக் கொழுப்பு, இன்னொன்றுக்குச் சுண்ணாம்பு! அடுப்பங்கரையில் கிடக்கும் கீரையிலும் இவ்வளவு இரகசியங்களை இறைவன் வைத்திருக்கிறார். ஒரு பெண் விஞ்ஞானி அவற்றுள் சிலவற்றை வெளிக்கொணர்ந்தார் என்பது பெண்கள் பள்ளியில் படிக்கும் நமக்கு எவ்வளவு ஊக்கம் தருகிறது!

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, தடுமன் பிடித்தவுடன் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கித் தின்னக் கூடாது. அது பாக்டீரியாவுக்கு எதிரான மருந்து. ரைனோ வைரஸின் ஓட்டை அது தொடவும் செய்யாது. வயிற்றிலுள்ள நல்ல பாக்டீரியாக்களைத்தான் அழிக்கும். மேலும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருக இடம் கொடுக்கும். பெற்றோர்கள் இதைத் தயவுசெய்து மனத்தில் கொள்ள வேண்டும். காய்ச்சல் நீடித்தாலோ மூச்சு வாங்கினாலோ, கடையில் கேட்டு மருந்து வாங்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாவது, கைகளை நன்றாகக் கழுவ வேண்டும். 2020இல் வந்த கொரோனாக் கிருமிக்குக் கொழுப்பு உறை உண்டு; சோப்பு அதைக் கரைத்துவிடும். ரைனோ வைரஸுக்கு அந்த உறை இல்லை. ஆகவே சோப்பு அதை உடைத்துவிடும் என்று நம்பி, ஒப்புக்குக் கையை நனைத்துவிட்டு வரக் கூடாது. நன்றாகத் தேய்த்து, ஓடும் நீரில் கழுவினால்தான் அது கையை விட்டு நீங்கும். இக்கிருமி கையிலும் மேசையிலும் பல மணி நேரம் உயிரோடு இருக்கக்கூடியது. மூக்கையும் கண்ணையும் கையால் தேய்ப்பதை விட்டுவிட்டாலே பாதி நோய் குறைந்துவிடும்.

மூன்றாவது, தும்மும்போது கைக்குட்டையால் மறைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து இருக்கையில் இழுப்பு நோய் உள்ள தோழி இருக்கலாம். அவளுக்காக நாம் எடுத்துக்கொள்ளும் இந்தச் சிறு சிரமமும் பிறரன்புப் பணியே ஆகும்.

முடிவுரை

ஜலதோஷக் கிருமி சிறியது. ஆனால் அது கற்றுத்தரும் பாடம் பெரியது. பகைவனை வெல்ல அவனை உடைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அவன் எப்படி இயங்குகிறான் என்று பொறுமையோடு கவனித்தால், அவன் அசையும் இடத்தில் ஒரு சிறிய ஆப்பைச் செருகியே அவனை நிறுத்திவிடலாம். அந்த ஆப்பு முழுப் பலன் தரும் காலம் இன்னும் வரவில்லை. இழுப்பு நோயால் வாடும் குழந்தைகளுக்கு அதைச் செய்துகொடுக்கும் கைகள், இன்று நம் பள்ளியில் வேதியியலும் உயிரியலும் படிக்கும் ஒரு மாணவியின் கைகளாக இருக்கக் கூடாதா? இறைவனின் அருளால் அந்த நாளும் வரும் என்று நம்புவோம். அதற்காக இன்றே ஊக்கத்தோடு படிப்போம்.